கடைமடைக்காரன் வைத்த கடல் தொட்டி

கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் வீட்டில் குடில் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்தான் இருக்கும். இரண்டடி நீளத் தொட்டி. உள்ளே வைக்கோல் பரப்பி, மாட்டையும் ஆடுகளையும் நிறுத்தி, குழந்தை இயேசுவை நடுவில் வைப்போம். பார்க்க வருகிறவர்கள், “நல்ல யோசனைங்க, தூசி படாது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கண்ணாடியின் மேல் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை. அது உப்புக் கோடு. துடைத்தால் முழுதாகப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அழுத்தித் துடைப்பதில்லை. நாங்கள் தஞ்சாவூரில் குடியிருந்த நாலு வருஷமும் அந்தத் தொட்டிக்குள் கடல் தண்ணீர் இருந்தது. ஊருக்குத் திரும்பும்போது மீன்களை வாங்கிய கடைக்காரரிடமே ஒப்படைத்துவிட்டுத் தொட்டியை மட்டும் தூக்கிவந்தோம். ஊரில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஓட்டம் நின்றால் அந்த உயிர்கள் தாங்காது.

ஓட்டம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாக எட்டிப்பார்க்கும் கடைமடை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதன்பிறகு வயல்தான். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பார்க்க ஒரு சருகைப் போட்டுவிட்டு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே வரப்பில் நடப்பேன். இந்த மடையிலிருந்து அடுத்த மடைக்குச் சருகு போய்ச் சேர எத்தனை ஜெபம் ஆகிறதோ, அதுதான் கணக்கு. கையில் கடிகாரம் இல்லாத காலத்தில் என் அப்பா அப்படித்தான் அளந்தார். நான் கடிகாரம் வாங்கிய பிறகும் அப்படியே அளந்தேன்.

என் மனைவி கோடியக்கரைப் பக்கம், உப்பளத்துக் குடும்பம். எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் ரொம்ப தூரமில்லை. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு அவள் கடலைப் பார்த்தது வருஷத்துக்கு ஒருநாள் இரண்டு நாள்தான். நடவு, களை, அறுப்பு, மாடு, பிள்ளை என்று நாள் போய்விடும். அதை அவள் குறையாகச் சொன்னதில்லை. எதையும் கேட்டதுமில்லை. காதுக்குக் கழுத்துக்கு என்றுகூட அவளாக வாய் திறந்ததில்லை.

மகளுக்குத் தஞ்சாவூரில் நர்ஸ் வேலை கிடைத்ததும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மூன்று பேரும் அங்கே வாடகைக்குக் குடிபோனோம். அந்த வருஷம் எனக்குக் கண் பார்க்க ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. கடல் மீன் தொட்டி. என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள், அவளுக்குக் காதில் விழவில்லை. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்து கூப்பிட்டேன்.

“ஏங்க, இதுமாரி சின்னதா ஒண்ணு நம்ம வீட்டுல வைக்கலாமா?” என்றாள்.

வைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை இருக்கும் என்று யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள், அதற்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வளர்ப்பு மீன் விற்கும் கடை ஒன்றில் தொட்டியும் மண்ணும் கல்லும் வாங்கினோம். உப்புப் பொடியும் அங்கேயே கிடைத்தது. அதைத் தண்ணீரில் கரைத்து, அளவு சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்தார்கள். மனைவி குழாயைத் தொடவில்லை. விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “கரிப்பு பத்தல. இன்னும் ரெண்டு கை போடுங்க” என்றாள். போட்டுவிட்டுக் குழாயை வைத்துப் பார்த்தால் சரியாக இருந்தது.

“அம்மா நாக்க வித்தா அந்தக் கடைக்காரரு வாங்கிக்குவாரு” என்றாள் மகள்.

“ஒன் நாக்கையும் சேத்துக் குடு. ரொம்ப நீளம்” என்றாள் இவள்.

ஒரு மாதம் வெறும் தண்ணீர் ஓடியது. பிறகு ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன்களும், அவை தங்குவதற்கென்று ஒரு கடல் சாமந்தியும் வாங்கிவந்தோம். பேருக்குத்தான் சாமந்தி, கடையில் அனிமோன் என்பார்கள். அது பூ அல்ல, ஓர் உயிர். அடியில் ஒரு பாதத்தால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மேலே விரல் விரலாக விரித்துக்கொண்டு நிற்கும். அந்த விரல்களுக்குள் இந்த மீன் போய்ப் படுத்துக்கொள்ளும். விரல் பட்டால் மற்ற மீன்களைச் சுடும், இந்த ஜாதி மீனை ஒன்றும் செய்யாது. ஆண்டவருடைய ஏற்பாடு. என் மனைவிக்கு மீனைவிட அந்தச் சாமந்தியின் மேல்தான் கண்.

கடைக்காரர் கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர். “ஓட்டத்த மட்டும் பாத்துக்குங்க ஐயா. அதுலதான் நெறைய பேரு தப்பு பண்ணுவாங்க” என்றார். ஆயுசு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு அதைச் சொல்ல வேண்டுமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நடவு முடிந்த வயலுக்குத் தண்ணீர் வைக்கும்போது மடை வாயில் ஒரு கை வைக்கோலைப் போட்டுவைப்போம். தண்ணீர் வேகம் தணிந்து, பிஞ்சு நாற்றைப் பிடுங்காமல், சத்தமில்லாமல் பரவும். தொட்டியில் தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி விடும் ஃபில்டர் ஒன்று மாட்டியிருந்தோம். அதன் வாயில் தண்ணீர் சளசளவென்று விழுந்தது. பிஞ்சு உயிர் பயந்துவிடும் என்று நினைத்து, வாயில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை வைத்து நூலால் கட்டினேன். தண்ணீர் அசைவது தெரியாமல் அசைந்தது. பச்சைப் பிடித்த வயல் மாதிரி இருக்கிறது என்று எனக்கு ஒரே திருப்தி.

மூன்றாவது வாரம் தண்ணீரின் மேல் ஏடு படிந்தது, ஆறிப்போன கஞ்சியில் படிவதுபோல. மண்ணின் மேல் பழுப்பு நிறத்தில் தூசி உட்கார்ந்தது. மீன் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாமந்தி பிழிந்து போட்ட துணியாகச் சுருங்கிவிட்டது. மீன் தீனியில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு ஜெபத்தை எண்ணினேன். ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டிப் பத்து ஜெபம் சொல்லி முடித்தும் துணுக்கு பாதித் தொட்டியைத் தாண்டவில்லை. மறுநாள் காலை வீடெல்லாம் நாற்றம். சாமந்தி செத்துவிட்டது.

என் மனைவி அதைக் கரண்டியால் எடுத்துக் காகிதத்தில் மடித்தாள். அழவில்லை. ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இத ஏன் இங்க கட்டுனீங்க?”

“வேகம் கொறையட்டும்னுதான்.”

“நிக்கிற கடல் தண்ணியில என்ன இருக்கும்? எங்க அப்பா பாத்தி பாத்தியா நிறுத்துவாரு. உப்புதான் வெளையும். ஒரு புழு இருக்காது அதுல.” ஸ்பாஞ்சின் நூலை அவிழ்த்து எடுத்தாள். பிறகு, “நாம கொண்டாந்து வச்சு நாமளே கொன்னுட்டோம். இன்னொரு தரம் இப்புடி ஆச்சுன்னா இந்தத் தொட்டியே வேணாங்க. உயிர வச்சு வெளையாடக் கூடாது” என்றாள்.

அவள் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லும் ரகமில்லை. இன்னொன்று செத்தால் தொட்டி போய்விடும். அதன்பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவும் மாட்டாள். இது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். தொட்டிக்குள்ளேயே ஒட்டிவைத்துத் தண்ணீரைத் தள்ளிவிடும் சின்ன மோட்டார்கள் இருந்தன. வேவ் மேக்கர் என்றார்கள்.

“ஒங்க தொட்டி அறுவது லிட்டர் ஐயா. ஒரு மணி நேரத்துல அந்தத் தண்ணி பதினஞ்சு இருவது தரம் சுத்தி வந்தாப் போதும். ஆயிரம் லிட்டர் தள்ளுறது ஒண்ணு போடுங்க, தாராளம்” என்றார் கடைக்காரர்.

“அந்தப் பெருசு எவ்வளவு தள்ளும்?”

“அது மூவாயிரத்துக்கு மேல. நாலடித் தொட்டிக்கு உள்ளது.”

“அதையே குடுங்க.”

“அதிகம் ஐயா.”

மழை வெள்ளம் வேறு. பாசனத் தண்ணீரில் அதிகம் என்ற ஒரு சொல்லை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கடைமடைக்காரனுக்கு அது காதில் ஏறவும் ஏறாது. பெரியதையே வாங்கிவந்து இடது பக்கக் கண்ணாடியில் ஒட்டி ஓடவிட்டேன். ஏடு போய்விட்டது. தண்ணீர் பளிங்காக ஆனது. மீன்கள் கீழே இறங்கின. மண்தான் அடித்துக்கொண்டு போய் வலது மூலையில் மேடு போட்டது. தினமும் காலையில் ஒரு நீளக் கரண்டியால் அதைச் சமன் செய்தேன். வயலில் மேடு பள்ளம் பார்த்துப் பழகியவனுக்கு அது ஒரு வேலையாகத் தெரியவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு இன்னொரு சாமந்தி வாங்கிவந்தேன்.

வைத்த மறுநாளே அது மூடிக்கொண்டது. அதற்கு மறுநாள் பார்த்தால் வைத்த இடத்தில் இல்லை. கல்லுக்குப் பின்னால் போயிருந்தது. அது நடக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மெதுவில், பாதத்தை நகர்த்தி நகர்த்தி, பிடிக்காத இடத்தை விட்டுப் போகிறது. மூன்றாம் நாள் கல்லை விட்டுக் கண்ணாடிக்கு வந்து மோட்டாரின் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கேதான் மோட்டார் தண்ணீரை இழுக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. மீன் இரண்டும் ஓட்டத்துக்குப் பயந்து கல்லிடுக்கில் ஒடுங்கிக் கிடந்தன.

“ஏங்க, மொதல்ல அத நிறுத்துங்க. மாட்டுச்சுன்னா அரைச்சுடும்” என்று மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

நிறுத்தினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, “இப்பப் போடுங்க” என்று தொட்டிக்குள் கையை விட்டாள். போட்டேன். மோட்டாருக்கு முன்னால் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

“இது கடல் இல்லீங்க. மதகு ஷட்டரத் தெறந்துவிட்ட தண்ணி.”

“ஓடணும்னு நீதானே சொன்ன?”

“ஓடணும்னு சொன்னேன். ஒரே பக்கமா ஓடணும்னு சொன்னேனா? எங்க ஊருக் கரையில நின்னுருக்கீங்கல்ல. காலுக்கு அடியில மண்ண இழுத்துக்கிட்டுப் போவும். திரும்பி அதே மண்ணக் கொண்டாந்து போடும். போனது வரணுங்க.”

“நம்ம பக்கம் போன தண்ணி எங்க வருது.”

“அதத்தான் சொல்றேன். ஒங்களுக்கு ஆத்தத் தவுத்து வேற ஒண்ணும் தெரியாது.”

கோபித்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஊர்க் கரையில் இருவரும் நின்றிருக்கிறோம். அலை வந்து போகும்போது அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், நான் எப்போது வயலுக்குத் திரும்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பின்வாங்குவதைக் கவனித்த ஞாபகமே இல்லை. விளையாத தண்ணீர் என்று நினைத்திருப்பேன்.

மோட்டாரைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் வைத்தேன். நல்ல மனிதர், நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றிக்கொண்டு ஆயிரம் லிட்டர் மோட்டார் இரண்டு கொடுத்தார். “எதிரெதிரா ஒட்டுங்க. நேரா அந்த அனிமோன் மேல அடிக்க விடாதீங்க. கண்ணாடியில பட்டுச் சிதறட்டும். ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுற பெட்டி ஒண்ணு இருக்கு, சென்னையிலேருந்துதான் வரணும்.”

“அது வேணாங்க. மாத்தி ஓட்ட எனக்குத் தெரியும்” என்றேன்.

தண்ணீர் குறைந்த வருஷங்களில் நாங்கள் முறை வைப்போம். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு. அதே மாதிரி இடது மோட்டாருக்கு மூன்று நாள், வலது மோட்டாருக்கு மூன்று நாள் என்று வீட்டில் வந்து சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சிரிப்பில் பாதித் தண்ணீர் கீழே சிந்திவிட்டது.

“மூணு நாளைக்கு ஒரு தரம் திரும்புற கடல் எங்கங்க இருக்கு? எங்க ஊருல ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வத்தும்.”

“அப்ப ஆறு மணி முறையா வச்சுக்குவோம்.”

டியூட்டியிலிருந்து வந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா, ஒரு லஸ்கரையும் போட்டுருங்க, மதகத் தெறக்க மூட. அம்மாவுக்கு அந்த வேலையக் குடுத்துருங்க” என்றாள். ஆனால் மறுநாள் அவள்தான் இரண்டு டைமர் சுவிட்ச் வாங்கிவந்து கொடுத்தாள். ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஒன்று நின்று மற்றொன்று ஓடும்படி வைத்தோம்.

மோட்டார்களின் முகத்தைத் திருப்புவதற்கே ஒருநாள் போனது. துணுக்கைப் போடுவேன், ஜெபம் சொல்வேன். பெரிய மோட்டார் இருந்தபோது மங்கள வார்த்தையின் முதல் வரி முடிவதற்குள் துணுக்கு ஒரு சுற்று சுற்றிவிடும். இப்போது ஒரு ஜெபம் முழுதாகச் சொல்லி முடிக்கும் நேரத்துக்கு வந்தது. வந்த துணுக்கு நடுவில் தயங்கி, எதிர்க் கண்ணாடியில் பட்டு, வேறு வழியாகத் திரும்பியது. மண் கிடந்த இடத்தில் கிடந்தது. எந்த மூலையிலும் தூசி தங்கவில்லை.

“சாமி ஜெபத்த வச்சு மோட்டார அளக்குறீங்களே, பாவமில்லயா?” என்றாள் மனைவி.

“வாய்க்கால அளந்தப்ப ஒண்ணும் சொல்லல நீ.”

“அது சோறுங்க.”

ஆனால் மறுபடி துணுக்கைப் போட்டபோது அவள் உதடும் அசைந்ததைப் பார்த்தேன்.

சாமந்தி மட்டும் அசையவில்லை. அவளே அதைக் கண்ணாடியிலிருந்து நோகாமல் பிரித்துக் கல்லின் மேல் வைத்திருந்தாள். வைத்த இடத்தில் கைமுட்டி அளவுக்கு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருநாள், இரண்டு நாள், ஐந்து நாள். நான் காலையில் எழுந்ததும் மாதா படத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன்பே தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். ஒரு மீனுக்காகவும் சாமந்திக்காகவும் மன்றாடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டவரே, இவள் கேட்ட ஒன்றை நான் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இது சாவறதுக்கு முன்னாடி கடையிலயே குடுத்துருவோம். அவருகிட்டயாவது பொழைக்கும். நாளைக்கு ஞாயித்துக்கிழம. திங்கக்கெழம காலையில கொண்டுபோங்க.”

“இன்னும் ஒரு வாரம் பாப்பமே.”

“அதுக்குள்ள செத்துருச்சுன்னா?”

கடைக்காரருக்குப் போன் செய்து திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னேன். சாமந்தி போன பிறகு இரண்டு மீன் மட்டும் எதற்கு என்று தொட்டியும் போகும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

ஞாயிறு முதல் பூசை ஆறரை மணிக்கு. மகள் இரவு டியூட்டியில் இருந்தாள். மனைவி நல்ல புடவை கட்டி, கையில் ஜெபமாலையும் பாட்டுப் புத்தகமுமாகத் தயாராக நின்றாள். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சரியாக ஆறு மணிக்கு டைமர் ஒரு சொடக்குப் போட்டது. இடது மோட்டார் நின்று வலது மோட்டார் ஓடத் தொடங்கியது. மின்விளக்கை அணைக்க அவள் தொட்டிப் பக்கம் போனாள். போனவள் வரவில்லை.

“மணி அடிச்சாச்சு, வா” என்றேன். உள்ளே போனேன்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கசங்குவதைப் பற்றி அவளுக்கு நினைப்பில்லை. தண்ணீர் திரும்பியதும் சாமந்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்திருக்கிறது. முட்டி பிரிந்து விரல் விரலாக வெளியே வந்துகொண்டிருந்தது. நுனியில் இளம் ஊதா. ஓட்டம் வரும்போது எல்லா விரலும் ஒரு பக்கம் படுத்தன, எதிர்க் கண்ணாடியில் பட்ட தண்ணீர் திரும்பி வந்ததும் மறுபக்கம் படுத்தன. பாதம் கல்லை இறுகப் பிடித்திருந்தது. இரண்டில் பெரிய மீன் கல்லிடுக்கை விட்டு வெளியே வந்தது. கிட்டே போவதும் விலகுவதுமாக எத்தனை தடவை. ஒருதடவை வாலைக் கொடுத்துப் பார்த்தது. பிறகு முழுவதும் உள்ளே போய்விட்டது. சின்ன மீன் அதன் பின்னால் போனது.

இரண்டாம் மணி அடித்தது கேட்டது. நானும் உட்கார்ந்துவிட்டேன். கோவில் எட்டும் தூரத்தில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசைக்குப் போகாமல் நாங்கள் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான். அவள் ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

எட்டு மணிக்கு மகள் வந்தாள். வாசல் திறந்து கிடக்கிறது, அடுப்புப் பற்றவைக்கவில்லை, அம்மா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பயந்துவிட்டாள்.

“என்னம்மா, பூசைக்குப் போவலயா? ஒடம்பு சரியில்லயா?”

“மீனு உள்ள போயிருச்சுடி” என்றாள்.

அன்று சாயங்காலப் பூசைக்கு அரைமணி முன்னதாகவே போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றாள். வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. சாமியார் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அது கேட்கக்கூடிய விஷயமுமில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கடைக்காரர் போன் செய்து, “கொண்டு வர்றீங்களா ஐயா, நான் தொட்டி ரெடி பண்ணி வச்சுருக்கேன்” என்றார். நான் பதில் சொல்வதற்குள் மனைவி அடுப்படியிலிருந்தே கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். எதிரே முறத்தில் அரைக்கிலோ இறால் பாதி உரித்தபடி இருந்தது.

“அதுக்கு எறா குடுக்கலாங்களா?” என்று கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். “பொடிசா நறுக்கி. வாரத்துக்கு ரெண்டு தரம். சரிங்க.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, உரித்ததில் நல்லதாக ஒன்றை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போட்டுவைத்தாள். மிச்சத்தைக் குழம்புக்குக் கழுவ ஆரம்பித்தாள்.